கிளட்ச் நழுவினால்...

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் காரியதரிசி அவர்கள் போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஏதாவது ஒரு விஷயம் பற்றி இருபது நிமிஷம் பேசுங்கோ" என்றார். உபன்யாசம் செய்ய எனக்கு ஞானம் போதாது. வங்கியில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன். பென்ஷன் கணக்குப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் காபிக்கு எழுந்து போய்விடுவீர்கள். யோசித்துப் பார்த்ததில், என் கையைச் சுட்டுக்கொண்டு கற்ற வித்தை ஒன்றுதான் என்று தெரிந்தது. பழைய மோட்டார் சைக்கிளில் கிளட்ச் நழுவினால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரி செய்வது என்பதுதான் அது. மாமிகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். எங்கள் வண்டியில் கோளாறு என்ன என்பதை முதன்முதலில் சரியாகச் சொன்னவள் என் ஆத்துக்காரிதான்.

நான் அப்போது சித்தூரில் வேலையாக இருந்தேன். 1978 மாடல் புல்லட் ஒன்று வைத்திருந்தேன், 350 சிசி. இளைஞர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி அது. 1955 முதல் நம் சென்னை திருவொற்றியூரில் தயாராக ஆரம்பித்தது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இன்றைய புல்லட்டுக்கும் அதற்கும் பெயர்தான் ஒன்று. வார்ப்பிரும்பு இஞ்சின். இஞ்சின் தனி, கியர் பாக்ஸ் தனி. இரண்டையும் இணைக்கும் செயினும் கிளட்சும் இடது பக்கம் ஒரு பெரிய மூடிக்குள் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும்.

1996 ஜனவரியில் அந்த வண்டிக்குக் கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டி வந்தது. சித்தூரில் எங்கள் வங்கிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே மெக்கானிக்தான். பெயர் வேண்டாம், நாங்கள் பாய் என்றே கூப்பிடுவோம். தமிழ், தெலுங்கு, உருது மூன்றையும் கலந்து பேசுவார். புது பிளேட் போட்டுக் கொடுத்தார். இரண்டு மாதம் வண்டி பஞ்சாகப் போயிற்று.

ஏப்ரலில் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. டாப் கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் முதலில் எகிறும், வேகம் கொஞ்சம் பின்தங்கி வரும். மூன்று மாதத்திலேயே பிளேட் தேய்ந்துவிட்டதா? எனக்குக் கோபம் வந்தது. "பாய் டூப்ளிகேட் பிளேட்டைப் போட்டு ஏமாற்றிவிட்டார்" என்று வங்கியில் டீ நேரத்தில் நாலு பேர் எதிரில் சொன்னேன். அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் கல்யாண நாளுக்குத் திருமலை போக வேண்டும் என்று ஆத்தில் ஆசைப்பட்டாள். விடியற்காலை கிளம்பினோம். காணிப்பாக்கத்தில் பிள்ளையாரைச் சேவித்துவிட்டு, புதலப்பட்டு, சந்திரகிரி வழியாகத் திருப்பதி. சுமார் எழுபது கிலோமீட்டர். வழி நெடுக வண்டி பெரிதாகத் தகராறு செய்யவில்லை. செய்யாதுதான். சமதரையில் மிதமாகப் போகும்போது கிளட்ச் தாங்க வேண்டிய முறுக்கு விசை குறைவு. தாங்கும் சக்தி பாதியாகக் குறைந்திருந்தால்கூட அங்கே வெளியில் தெரியாது. பாரமும் ஏற்றமும் சேர்ந்து வரும்போதுதான் குட்டு உடையும்.

திருமலைக்கு இரண்டு மலைப்பாதைகள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். 1944-இல் திறந்த பழைய பாதை இறங்குவதற்கு. 1974-இல் வந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கு. அலிபிரியிலிருந்து மேலே போய்ச் சேர்வதற்குள் ஏறத்தாழ 700 மீட்டர் உயரம் ஏறுகிறோம். இரண்டு பேர், ஒரு பை, பழைய வண்டி, மே மாத வெயில்.

பாதி தூரத்தில் மூன்றாவது கியரில் இஞ்சின் அலறியது. வேகம் குறைந்தது. இரண்டாவதுக்கு மாற்றினேன். கொஞ்ச தூரம் சரியாக இருந்தது; பிறகு அதிலும் அதே கதை. அப்போதுதான் பின்னாலிருந்து அவள் சொன்னாள்: "ஏன்னா, வண்டி கத்தறது, ஆனா நகர மாட்டேங்கறதே!"

கிளட்ச் நழுவுவதற்கு இதைவிட நல்ல இலக்கணம் நான் எந்த மானுவலிலும் படித்ததில்லை. இஞ்சினில் சக்தி குறைந்தால் வண்டி முக்கும், சத்தமும் இறங்கும். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். நிறுத்தி டிரம்மின் அருகே கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கும். கத்தல் ஏறி, ஓட்டம் இறங்கினால் மட்டும் கிளட்ச்.

ஒரு வளைவில் முன்னால் போன வேன் நின்றது. நானும் நின்றேன். மறுபடி கிளம்ப முதல் கியரில் கிளட்சை விட்டேன். வண்டி ஒரு முழம் நகர்ந்தது. பிறகு இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் பஸ். அவள் குதித்துவிட்டாள். நான் இரண்டு பிரேக்கையும் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். பஸ் டிரைவர் சமயத்தில் பிரேக் போட்டார். தெலுங்கில் அவர் என்னைத் திட்டியது அத்தனையும் நியாயம். பின்னால் வந்த ஒரு ஜீப்பில் இருந்த குடும்பத்தார் அவளை ஏற்றிக்கொண்டார்கள். நான் சுவர் ஓரம் வண்டியை நிறுத்தி, தீய்ந்த வாசனையோடு அரை மணி உட்கார்ந்திருந்தேன்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கிளட்ச் நழுவும்போது வீணாகும் சக்தி எங்கே போகிறது? முழுதும் சூடாக மாறுகிறது. இஞ்சின் பத்துக் குதிரைச் சக்தி கொடுத்து, அதில் பத்தில் ஒரு பங்கு நழுவலில் போனால் ஒரு குதிரைச் சக்தி, அதாவது சுமார் 750 வாட்ஸ். வீட்டு இஸ்திரிப் பெட்டியை மூடிய டப்பாவுக்குள் வைத்து ஸ்விட்ச் போட்டது போல. உள்ளே இருக்கும் எண்ணெய் அரை லிட்டர்கூடக் கிடையாது. சூட்டினால் உள்ளே இருக்கும் பாகங்கள் விரிய, கேபிளில் இருக்கும் தளர்ச்சியும் போய்விடும். அதனால் இன்னும் நழுவும். அதனால்தான் சித்தூர் ரோட்டில் தும்மிக்கொண்டிருந்த கோளாறு மலையில் பத்தே நிமிஷத்தில் ஜன்னியாக முற்றியது.

சூடு ஆறியதும் கேபிளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, தனியாக, முதல் கியரில் ஊர்ந்து மேலே போய்ச் சேர்ந்தேன். தரிசனம் ஆயிற்று. இறங்கும்போது வண்டியில் வர எனக்குத் தைரியம் இல்லை. நழுவும் கிளட்ச் ஏற்றத்தில் மானத்தை வாங்கும். இறக்கத்தில் உயிரை வாங்கும். இஞ்சின் பிடிப்பு கிடைக்காமல் பழைய டிரம் பிரேக்கை மட்டும் நம்பி அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்க முடியாது. காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய சித்தூர்ப் பக்கத்து லாரி ஒன்றில் வண்டியை ஏற்றினேன். நாங்கள் பஸ்ஸில் வந்தோம்.

மறுநாள் வேறு வழியில்லாமல் பாயிடமே போனேன். என்ன சொல்லிக்கொண்டு போனேன் என்று கேட்கிறீர்களா? "நீங்கள் போட்ட பிளேட் மூன்றே மாதத்தில் போய்விட்டது" என்று சொல்லிக்கொண்டுதான். அவர் பதில் பேசவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று அவர் வேலை செய்த வரிசையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்குப் போகும் வரிசை அது.

முதலில் கைப்பிடி லீவர். லீவரை மெதுவாக இழுத்தால், இறுக்கம் தொடங்குவதற்கு முன் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். அந்த ஆட்டம் இல்லையென்றால், கை வைக்காமலே கிளட்ச் பாதி அழுத்திய நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது அவர் கேட்டார்: "சாமி, ஆட்டம் கூடினா என்ன, குறைஞ்சா என்ன?" எனக்குத் தெரியவில்லை. கேபிள் நீண்டால் ஆட்டம் கூடும். பிளேட் தேய்ந்தால் ஆட்டம் குறையும். ஏனென்றால் பிளேட்டுகள் மெலிய மெலிய வெளித் தட்டு உள்ளே போய், அதைத் தள்ளும் கம்பியை முட்ட ஆரம்பிக்கும். ஆக, அடிக்கடி கேபிளைத் தளர்த்த வேண்டியிருந்தால் உள்ளே பிளேட் தேய்கிறது. எல்லோரும் கேபிளையே குறை சொல்கிறோம்.

இரண்டாவது, கியர் பாக்ஸின் வலப்பக்கத்துத் திருகு. புல்லட்டில் கிளட்ச் இடது பக்கம், அதை இயக்கும் நெம்புகோல் வலது பக்கம். நடுவில் உள்ள துவாரம் வழியாக ஒரு கம்பி போகிறது. முதலில் கேபிளை முழுவதும் தளர்த்த வேண்டும். பிறகு வலது பக்கத்துச் சின்ன மூடியைத் திறந்து, பூட்டு நட்டை இளக்கி, கம்பியைத் தொடும் வரை திருகை முடுக்கி, அரைச் சுற்று பின்வாங்கிப் பூட்ட வேண்டும். கடைசியில்தான் கேபிள். இந்த வரிசை மாறினால் ஆட்டம் இருப்பது போலக் கையில் தெரியும், உள்ளே இருக்காது.

மூன்றாவது, கிக்கர். புல்லட்டில் கிக்கரை உதைக்கும் விசை கிளட்ச் வழியாகத்தான் இஞ்சினுக்குப் போகிறது. டீகம்பிரசரைத் தொடாமல் கிக்கரை மிதித்தால் ஒரு கணம் சுவர் போல நிற்க வேண்டும். புஸ்ஸென்று காற்று விட்டபடி மெதுவாக இறங்கினால் வால்விலோ ரிங்கிலோ கசிவு. கடகடவென்று பல்லை நறநறத்து இறங்கினால் கிக்கரின் பல் சக்கரம். சத்தமே இல்லாமல் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கினால் கிளட்ச். என் வண்டியில் வெண்ணெய்தான்.

இதற்குப் பிறகுதான் மூடியைக் கழற்றினார். இடது பக்க ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் எடுத்துவிட்டால், அந்தப் பெரிய மூடியைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு நட்டு. கீழே ஒரு தட்டை வைத்து எண்ணெயை வடித்தார். ஒரு சொட்டு எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்தார். முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சாமி, இதில் என்ன ஊத்தினீங்க?"

எனக்கு அப்போதுதான் சுரீர் என்றது.

மார்ச் மாதம் என் மச்சினன் தன் காருக்கு வாங்கிய எண்ணெய் டின் ஒன்றில் மீதி கொண்டுவந்து கொடுத்தான். உராய்வைக் குறைக்கும் விசேஷ மருந்து கலந்தது, இஞ்சின் வழவழவென்று ஓடும் என்று டின்னிலேயே எழுதியிருந்தது. நல்ல பொருள் வீணாகக் கூடாதே என்று கிளட்ச் இருக்கும் அந்த மூடிக்குள் ஊற்றினேன். அப்படி ஒன்று ஊற்றியதே எனக்கு மறந்துபோயிருந்தது.

கிளட்ச் என்றால் என்ன? ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கிய தட்டுகள். ஒரு வகை இஞ்சின் பக்கத்து டிரம்மோடு சுற்றும். மற்றது கியர் பாக்ஸ் பக்கத்து நடுத்தண்டோடு சுற்றும். ஸ்பிரிங்குகள் இவற்றை ஒன்றோடொன்று அழுத்துகின்றன. இஞ்சினின் பலம் முழுதும் சக்கரத்துக்குப் போவது அந்த உராய்வு ஒன்றினால்தான். மற்ற எல்லா இடத்திலும் உராய்வு சத்ரு. இங்கே மட்டும் அதுதான் எஜமானர். அங்கே போய் உராய்வைக் குறைக்கும் மருந்தை ஊற்றியவன் அடியேன். டின் பொய் சொல்லவில்லை. சொன்னதைச் செய்தது.

பிளேட்டுகளை வெளியே எடுத்துக் காட்டினார். கனம் புதிது போலவே இருந்தது. பரப்பு மட்டும் கண்ணாடி போல மினுங்கியது. ஸ்டீல் பிளேட்டுகளில் இரண்டு நீலம் பாய்ந்திருந்தன, சூட்டின் அடையாளம். அவற்றை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். ஒன்று ஆடியது, அதாவது கோணிவிட்டது. ஸ்பிரிங்குகளை வரிசையாக நிற்க வைத்து உயரம் பார்த்தார். ஒன்று குட்டையாக இருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் தட்டு சாய்ந்து எழும்பும். டிரம்மின் பள்ளங்களில் பிளேட்டின் காதுகள் வெட்டிய தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். இருந்தால் அரத்தால் லேசாகச் சமன் செய்யலாம். ஆழமாக இருந்தால் டிரம்மே மாற்ற வேண்டும்.

"கழுவிப் போட்டால் ஓடாதா?" என்று கேட்டேன். "ஊருக்குள்ள ஓடும். மலைக்கு ஏறினா மறுபடி பஸ்ஸுக்கு முன்னாடி நிப்பீங்க" என்றார். அந்த மருந்து பிளேட்டுக்குள் ஊறிவிட்டது. அதனால் ஃபிரிக்‌ஷன் பிளேட் செட் புதிது, நீலம் பாய்ந்த ஸ்டீல் பிளேட் புதிது. மூடிக்குள் இருந்த எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் இரண்டு முறை கழுவித் துடைத்தார். புது பிளேட்டுகளை ஒரு ராத்திரி சாதாரண எண்ணெயில் ஊற வைத்துப் பூட்டினார். லீவரை இழுத்துப் பிடித்தபடி கிக்கரை மிதித்து, தட்டு கோணாமல் எழும்புகிறதா என்று பார்த்தார். மூடியின் ரப்பரைப் புதிதாகப் போட்டு மூடினார்.

இரண்டு குறுக்கு வழிகளை அவர் செய்ய மறுத்தார். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் கொடுத்து இறுக்குவது ஒன்று. லீவர் கல்லாகும், கம்பி தேயும், உண்மையான கோளாறு உள்ளேயே இருக்கும். பிளேட்டை உப்புத்தாளில் தேய்த்து மறுபடி போடுவது இன்னொன்று. அது வீடு போய்ச் சேர மட்டும்.

வேலை முடிந்து பணம் கொடுத்தேன். "போன தடவை போட்ட பிளேட் ஒரிஜினல்தான் பாய், தப்பு என்னுடையது" என்றேன். அவர் பணத்தை எண்ணிக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரியும் சாமி. ஆனா பேங்க்ல இருக்கிறவங்களுக்குத் தெரியாதே. ரெண்டு பேர் ஸ்கூட்டரை வேற இடத்துக்குக் கொண்டு போயிட்டாங்க."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தும் என் வண்டியைத் தொட்டார்.

மறுநாள் டீ நேரத்தில், அதே நாலு பேர் எதிரில், டின் கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் பாயிடமே திரும்பிப் போனார். இன்னொருவர் போகவில்லை. "வேறு இடம் பழகிவிட்டது, சார்" என்றார். பிளேட்டை மாற்ற ஒன்றரை நாள் ஆயிற்று. வாயால் விட்டதை முழுசாகத் திருப்ப என்னால் முடியவில்லை.

இப்போது கேட்கிறவர்களுக்கு நாலு வார்த்தை. வண்டி எதுவானாலும், தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். எண்ணெயில் ஊறும் கிளட்ச் உள்ள வண்டிகளுக்கென்றே ஜப்பானில் 1990களின் கடைசியில் ஜாஸோ எம்.ஏ. என்று ஒரு தரம் ஏற்படுத்தினார்கள். டப்பாவின் மேல் அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டும்போது கிளட்ச் லீவர் மேல் விரலை இளைப்பாற விடாதீர்கள். ஏற்றத்தில் காத்திருக்கும்போது பிரேக்கில் நில்லுங்கள், அரைக் கிளட்சில் நிற்காதீர்கள். மலைக்குப் போவதற்கு முந்தின நாள் ஊரிலுள்ள மேம்பாலத்தில் பின்னால் ஒருவரை உட்கார வைத்து, டாப் கியரில் சட்டென்று முறுக்கிப் பாருங்கள். சத்தம் முந்தினால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். திருமலைப் பாதையில் இரு சக்கர வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடும் உண்டு, விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

சித்தூர் ஜில்லாவில் இருந்த திருப்பதி 2022 முதல் தனி மாவட்டமாகிவிட்டது. நானும் ஊர் மாறி, வயதாகி, வண்டியை மருமகனிடம் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது சாவியோடு அந்தக் காலி டின்னையும் சேர்த்துக் கொடுத்தேன். "இது எதுக்கு மாமா?" என்றான். "வண்டி நழுவினால் மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் இதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ" என்றேன்.